நிதி திரட்டும் மலைச் சைக்கிள் பயணம்: பாதியில் இறங்கித் தள்ளினால் தவறா?

கேள்வி கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் அந்தரத்தில் தொங்கும். வயது 44. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஞாயிறுதோறும் சமதளத்தில் 30 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறார். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்டும் மூன்று நாள் மலைப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். மொத்தம் 240 கிலோமீட்டர், 4,200 மீட்டர் ஏற்றம், கையில் ஐந்து மாதம். புதிய சைக்கிள் வாங்க வேண்டுமா, எப்படிப் பயிற்சி செய்வது என்று இரண்டு கேள்விகளை விரிவாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றைக் கேட்கிறார்: "நடுவில் இறங்கித் தள்ளினாலோ, வண்டியில் ஏறிவிட்டாலோ, பணம் கொடுத்தவர்களை ஏமாற்றியதாகிவிடுமா?" அவர் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டும் அதற்குப் போட்ட முன்னுரை.

நான் பிசியோதெரபிஸ்ட். இத்தகைய பயணங்களில் எல்லோருக்கும் கடைசியில் மெதுவாக வருமே, அந்த உதவி வண்டியில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறவன். ஆகவே முன்னால் பறப்பவர்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்தங்குகிறவர்களை நன்றாகத் தெரியும். அவர்கள் எதனால் பின்தங்குகிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும். கால் பலம் போதாமல் வண்டியில் ஏறியவர்கள் குறைவு. பொருந்தாத கியர், ஆரம்ப வேகம், சாப்பிடாமல் விட்டது ஆகிய மூன்றில் ஒன்றால் ஏறியவர்களே பெரும்பாலோர்.

மனச்சாட்சிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நன்கொடை கொடுப்பவர் மருத்துவமனைக்குக் கொடுக்கிறார். நீங்கள் மலை ஏறுவது அவரை அணுகுவதற்கு ஒரு காரணம், அவ்வளவே. கடைசி நான்கு கிலோமீட்டரை நீங்கள் மிதித்தீர்களா தள்ளினீர்களா என்று யாரும் பில் கேட்கப் போவதில்லை. பிரான்சின் ஆல்ப் டூயெஸ் மலையில் புற்றுநோய்க்கு எதிரான பணிகளுக்கு நிதி திரட்ட நெதர்லாந்துக்காரர்கள் 2006 முதல் ஒரு நிகழ்வை நடத்தி வருகிறார்கள். ஏறத்தாழ 14 கிலோமீட்டர், சராசரியாக 8 சதவீதம் ஏற்றம் (நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரும்), 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே நாளில் ஆறு முறை வரை ஏறுகிறவர்கள் உண்டு. ஒரே ஒரு முறை ஏறுகிறவர்களும் உண்டு. சைக்கிளே இல்லாமல் நடந்து ஏறுகிறவர்களும் அதே நிகழ்வில்தான் பங்கெடுக்கிறார்கள், அவர்கள் திரட்டும் பணமும் அதே கணக்கில்தான் சேர்கிறது. நடப்பதையே பங்கேற்பாக ஏற்கிற உலகில், இரண்டு வளைவுகளுக்கு இடையே தள்ளியதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரே விதிவிலக்கு, "ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு" என்று யாராவது வாக்களித்திருந்தால் மட்டும், மிதித்த தூரத்தை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் முழுத் தொகையையே கொடுப்பார்கள்.

பணத்தில் நேர்மை பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உங்கள் தங்குமிடம், சாப்பாடு, சட்டை, சைக்கிளை ஏற்றிச் செல்லும் செலவு ஆகியவற்றை யார் கொடுக்கிறார்கள்? சில அமைப்புகள் பதிவுக் கட்டணத்தில் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சில அமைப்புகள் நீங்கள் திரட்டித் தரும் நன்கொடையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது வகையானால், கொடுப்பவரின் பணத்தில் ஒரு பகுதி உங்கள் விடுமுறைக்குப் போகிறது என்பதே அதன் பொருள். சட்டப்படி தவறில்லாமல் இருக்கலாம், ஆனால் கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். அதைவிட நல்லது, அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வது. இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, திரட்ட முடியாவிட்டால் மீதியை உங்களிடமே பிடிப்பார்களா, பயணம் ரத்தானால் ஏற்கெனவே வந்த நன்கொடை என்னவாகும்? நன்கொடைப் பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கு வழியாகப் போகாமல் நேரே அமைப்புக்குப் போகும்படி செய்துகொள்ளுங்கள். பின்னால் யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்காது.

இனி மலைக்கு வருவோம். 240 கிலோமீட்டர் என்ற எண் உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டிய எண் 4,200. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், 1,400 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், அது பத்துப் பத்து கிலோமீட்டராக இரண்டு பெரிய ஏற்றங்கள், ஒவ்வொன்றும் 7 சதவீதம் என்று அமையலாம். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறினால் ஏற்றத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். இறக்கத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி 40 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். நிறுத்தங்களையும் சேர்த்தால் ஆறு, ஆறரை மணி நேரம். ஆக, உங்கள் நாளின் பாதி வெறும் 20 கிலோமீட்டரில் கழியப் போகிறது. அமைப்பாளர்களிடம் பாதையின் உயர வரைபடத்தை வாங்கி, ஒவ்வொரு கிலோமீட்டராகப் பாருங்கள். சராசரியை நம்பாதீர்கள். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தில் இரண்டு கிலோமீட்டர் சமதளமாக இருந்துவிட்டால், மீதி எட்டும் கிட்டத்தட்ட 9 சதவீதம், ஆனால் தாளில் 7 என்றுதான் அச்சாகியிருக்கும்.

ஏற்றத்தில் உடல் என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும்போது உங்கள் கால்கள் ஏறத்தாழ 80 வாட் கொடுக்கின்றன. 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு வெறும் 8 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 145 வாட் வேண்டும். 12 கிலோமீட்டர் போக 225. 6 கிலோமீட்டருக்கு 110 போதும். அதாவது, வேகமானி 8 என்று காட்டும்போதே உங்கள் ஞாயிற்றுக்கிழமை உழைப்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் 12-ல் கடந்து போவதைப் பார்த்து நீங்களும் எழுந்து நின்று மிதித்தால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். அதைப் பத்து நிமிடம் தாங்கலாம், எழுபத்தைந்து நிமிடம் தாங்க முடியாது.

அதனால் புதிய சைக்கிள் வேண்டாம், கியரை மாற்றுங்கள் என்பேன். ஒரு கிலோ எடை குறைந்த சைக்கிள், மேலே சொன்ன பத்து கிலோமீட்டர் ஏற்றத்தில் உங்களுக்கு ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தாது. 85-ல் ஒன்று என்பது 1.2 சதவீதம்தான், 75 நிமிடத்தில் அது ஐம்பது விநாடி சொச்சம். கியரின் கணக்கு வேறு மாதிரி. முன்பக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பற்கள், பின்பக்கத்தில் இருக்கும் மிகப் பெரியதில் எத்தனை என்று எண்ணுங்கள். முன்னால் 39, பின்னால் 25 என்றால், மணிக்கு 8 கிலோமீட்டரில் உங்கள் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் இரண்டு படியாகத் தாவுவதுபோல் முழங்காலை அழுத்தும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் அதே வேகத்தில் 63 சுற்று. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 70-க்கு மேல். உழைப்பு ஒன்றுதான், முழங்கால் வாங்கும் அடி வேறு. விதி எளிது: முன்பக்கச் சிறிய சக்கரத்தின் பற்கள், பின்பக்கப் பெரிய சக்கரத்தின் பற்களைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. பின்பக்கம் பெரிய சக்கரம் போட்டால் செயினின் நீளமும், செயினை நகர்த்தும் பின்பக்கக் கருவியும் அதற்குப் பொருந்த வேண்டும். சில சைக்கிள்களில் அதையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், மெக்கானிக்கிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். "இவ்வளவு சிறிய கியர் எதற்கு, பழகினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். இலேசான கியர் கிழவர்களுக்கு என்றொரு வீம்பு சைக்கிள் உலகில் இருக்கிறது. என் வண்டியில் ஏறுபவர்களில் அந்த வீம்புக்காரர்கள் கணிசம்.

வேகத்தைப் பற்றி ஒரே அறிவுரைதான், அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். ஏற்றத்தின் முதல் இரண்டு கிலோமீட்டரில் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டு வந்தால் வேகம் அதிகம். மற்றவர்கள் கடந்து போவார்கள், போகட்டும். ஆறாவது, ஏழாவது கிலோமீட்டரில் அவர்களில் சிலரைச் சாலையோரத் தடுப்புச் சுவரில் பார்ப்பீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளைப் பார்க்காமல் தாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் வண்டியை நிறுத்தி "ஏறிக்கொள்கிறீர்களா" என்று கேட்டால், பாதிப் பேர் "இரண்டு நிமிடம்" என்பார்கள். அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் இருபதாகும்.

சமதளத்தில் இருந்துகொண்டு மலைக்குப் பயிற்சி எடுக்க முடியுமா என்றால், முடியும். மலை கேட்பது, இடைவெளி இல்லாத நீண்ட உழைப்பு. சமதளத்தில் நாம் நம்மை அறியாமல் அடிக்கடி மிதிப்பதை நிறுத்துகிறோம். ஏற்றத்தில் நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். ஆகவே எதிர்காற்று உங்கள் மலை. காற்றுள்ள நாளில், சற்றுக் கனமான கியரில், உட்கார்ந்தபடியே பத்து நிமிடம் நிறுத்தாமல் மிதியுங்கள். ஐந்து நிமிடம் இளைப்பாறி மறுபடி மிதியுங்கள். இப்படி மூன்று முறை போதும், சில வாரங்கள் கழித்துப் பத்தை இருபது நிமிடமாக்கலாம். முழங்கால் முணுமுணுத்தால் கியரை இலேசாக்குங்கள், இதில் வீரம் வேண்டாம். வீட்டுக்குள் நிலையாக வைத்து மிதிக்கும் கருவி இருந்தால் முன்சக்கரத்தைச் சற்று உயர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள், உட்காரும் கோணம் மாறும்போது இடுப்பும் முதுகும் எப்படி வலிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். முதல் இரண்டு மாதம் வார நாளில் இரண்டு தடவை முக்கால் மணி நேரம், வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். அதை 30-லிருந்து மெள்ள 60, 70 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது மாதத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். இதைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மூன்று நாள் பயணத்தில் முதல் நாள் யாரையும் தோற்கடிப்பதில்லை, இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும் நொடிதான் தோற்கடிக்கிறது. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் அளவைக் குறைத்து உடலைத் தேற விடுங்கள். கடைசிப் பத்துப் பதினைந்து நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள். அப்போது புதிதாக எதையும் சேர்க்க முடியாது, களைப்பை மட்டும்தான் சேர்க்க முடியும். "வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல கடிவாளம்தான், ஆனால் அந்தப் பத்துக்குப் பின்னால் வலுவான ஆதாரம் எதுவும் இல்லை. உடல் சொல்வதையும் கேளுங்கள்.

சாப்பாட்டில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். 145 வாட்டில் ஒரு மணி நேரம் ஏறினால் உடல் 500 கலோரிக்கு மேல் எரிக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து மொத்தமாக 2,000 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். கொழுப்பும் கூடவே எரியும் என்றாலும், ஆறு மணி நேர நாளை வெறும் சேமிப்பை வைத்து ஓட்ட முடியாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து நல்ல இலக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சொச்சம் இருக்கிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பசி எடுக்கும் முன்பே, முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்குங்கள். பசி தெரியும்போது ஏற்கெனவே தாமதம். பயணத்தில் என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே பயிற்சியிலும் சாப்பிட்டுப் பழகுங்கள், குடலுக்கும் பயிற்சி வேண்டும். தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறீர்கள். வெறும் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும்கூட வரும். தண்ணீர் போதாமையைவிட அது ஆபத்தானது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு, கடைகளில் அதிகம் விற்பது அவைதான். தசைப்பிடிப்புக்கு உப்பு இழப்பே காரணம் என்பது பழைய விளக்கம். களைத்த தசையை நரம்பு கட்டுப்படுத்தும் விதம் குழம்புவதே காரணம் என்பது பிந்தைய விளக்கம். இரண்டில் எதுவும் முழுதாக நிரூபணமாகவில்லை. மக்னீசியம் மாத்திரைக்கு உடற்பயிற்சிப் பிடிப்பில் நல்ல ஆதாரம் இல்லை. பிடித்த தசையை நீட்டிப் பிடித்து வைத்திருப்பது வேலை செய்கிறது, அதற்குக் காசும் இல்லை. ஓட்டம் முடிந்ததும் தசைகளை நீட்டினால் மறுநாள் வலி வராது என்பதும் பெரும்பாலும் நம்பிக்கைதான். ஆனால் ஒன்றில் மட்டும் என் குரல் உயரும்: காலையில் வலி வரும் முன்பே ஐபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணியை முன்னெச்சரிக்கையாக விழுங்கிவிட்டு ஏறாதீர்கள். வியர்வையில் நீர் இழந்த உடலில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் வாய்ப்பு கூடுகிறது. தவிர, முழங்கால் தரும் எச்சரிக்கையையும் அது வாயடைத்துவிடும்.

ஏற்றத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் "இறக்கம்" என்ற சொல்லே இல்லை. ஏற்றம் களைக்க வைக்கும், இறக்கம்தான் எலும்பை உடைக்கும். 85 கிலோ எடை 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போகும்போது இதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. பயந்துபோய் பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே மெதுவாக இறங்கினால் கிட்டத்தட்ட அத்தனையும் பிரேக்கில்தான் வெப்பமாகும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக்கானால் விளிம்பு சூடாகி டியூப் வெடித்ததும் உண்டு. தட்டு (டிஸ்க்) பிரேக்கானால் பிடிப்பு குறையத் தொடங்கும். ஆகவே நேர்ப்பகுதியில், வளைவுக்கு முன்பே, இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். வளைவுக்குள் கனமாகப் பிரேக் பிடிக்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், எடையை அதன்மேல் வையுங்கள். சக்கரத்தடியைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், கண் போன வழியில் சைக்கிள் போகும். நிறுத்தும் தூரம் வேகத்தின் இருமடிப்படி கூடும்: 40-லிருந்து 60 ஆனால் அது ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே கால் மடங்கு. மழையில் விளிம்பு பிரேக் முதலில் ஈரத்தை வழித்த பிறகுதான் பிடிக்கும், அந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். வேகத்தில் ஹேண்டில்பார் ஆடத் தொடங்கினால் இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலைச் சட்டத்தோடு அணைத்து, மெள்ள வேகத்தைக் குறையுங்கள்.

நீண்ட இறக்கம் ஒன்றின் அடியில் ஒரு பெண் வண்டியிடம் வந்து நின்றார். ஏறும்போது அவரிடம் ஒரு குறையும் இல்லை. இறங்கி நின்றவருக்குக் கைவிரல்கள் விரியவில்லை. பிரேக்கைப் பிடித்த வளைவிலேயே உறைந்து நின்றன. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். பிரேக் நெம்புகோல் அவர் கைக்கு மிகத் தள்ளியிருந்தது, அதற்குக் கையுறை இல்லாத குளிரும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான சைக்கிள்களில் ஒரு சிறு திருகாணியைத் திருகினால் நெம்புகோல் கைக்கு அருகில் வந்துவிடும். ஒரு நிமிட வேலை. குளிரும் வெறும் கற்பனை இல்லை: ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது, மலையுச்சியில் 10 டிகிரி இருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்து, ஆறு டிகிரியாகத் தெரியும், உள்ளே பனியன் வியர்வையில் நனைந்திருக்கும். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்குகிற காற்றுத் தடுப்புச் சட்டையையும் முழு விரல் கையுறையையும் உச்சியிலேயே, இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பாதை 1,500 மீட்டருக்குள் இருந்தால் மறந்துவிடலாம். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதே வேகத்தில் மூச்சு வாங்கும். 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்க நேர்ந்தால் தலைவலி, குமட்டலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள், அந்த அறிகுறிகளோடு மேலே ஏறவும் கூடாது.

உட்காரும் வலிக்கு அகலமான மெத்தென்ற சீட் மருந்தல்ல. மெத்தை அமுங்கி நடுப்பகுதியை அழுத்தும். உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்கும் அகலம் போதும். உள்மெத்தை தைத்த கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடாதீர்கள், புண்ணாவது பெரும்பாலும் அந்தத் தையலில்தான். முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். இது ஊகிக்க உதவும் குறிப்பு மட்டுமே, நோய் கண்டறிதல் அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது, கையின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

நான் இங்கிருந்து சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அது உங்கள் இதயம். பழக்கமில்லாத கடும் உழைப்பின்போது மாரடைப்பு அபாயம் சற்றுக் கூடுகிறது, தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் வெகுவாகக் குறைகிறது. இரண்டும் உறுதியானவை. உங்களுக்கு இரத்த அழுத்தமோ, சர்க்கரையோ, புகைப்பழக்கமோ, குடும்பத்தில் இளவயதில் இதய நோயோ இருந்தால், பயிற்சியைக் கடுமையாக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

நாலாவது மாத முடிவில் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு 70 கிலோமீட்டர், முடிந்தால் ஏதாவது ஓர் உண்மையான மலையில் ஒரு முழு ஏற்றம். இரண்டாம் நாள் முடிவில் களைப்பு மட்டும் இருந்தால் தாராளமாகப் போகலாம். மூட்டில் குத்தும் வலி இருந்தால் குறுகிய பாதை இருக்கிறதா என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். பயணத்தின்போது நெஞ்சு இறுக்கம், குழப்பம், நிற்காத நடுக்கம், மூட்டில் கூர்மையான வலி ஆகிய நான்கில் எது வந்தாலும் யோசிக்காமல் வண்டியில் ஏறிவிடுங்கள். கால் கெஞ்சுகிறது என்பதற்காக மட்டும் ஏற வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது: 11 சதவீத ஏற்றத்தில் அதே 145 வாட்டில் நீங்கள் மணிக்கு 5.3 கிலோமீட்டர்தான் மிதிப்பீர்கள், தள்ளிக்கொண்டு நடந்தால் 4. ஒரு கிலோமீட்டருக்கு வித்தியாசம் நான்கு நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று மட்டும் முன்பே கேட்டு, தள்ளும் நேரத்தையும் அதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அடிப்பகுதியில், பெடலோடு மாட்டிக்கொள்ளும் பூட்டுத்தகடு துருத்திக்கொண்டிருக்கும் பந்தய ஷூ வாங்கிவிடாதீர்கள், அதைப் போட்டுக்கொண்டு சரிவான தாரில் நூறு மீட்டர் நடப்பதே வழுக்கல். தகடு ரப்பருக்குள் உள்வாங்கியிருக்கும் வகையோ, சாதாரணப் பெடலும் விறைப்பான அடிப்பாகம் கொண்ட ஷூவுமோ போதும்.